வண்டிக்கு சைடு ஸ்டெப் வேண்டுமா?

நமது மாவட்டத்து வியாபாரிகளில் பலர் இன்று உயரமான எஸ்.யூ.வி. வண்டிகளை வைத்திருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டில் மகேந்திரா பொலீரோ வந்த பிறகு நம் பக்கத்தில் அதற்குத் தனி மதிப்பு உண்டு. காலையில் கடைக்கு, மாலையில் குடும்பத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை ரப்பர் விளைக்கு என்று ஒரே வண்டி ஓடுகிறது. வண்டி எடுத்தவுடன் எல்லோருக்கும் எழும் கேள்வி ஒன்று உண்டு: ஏறும் படி, அதாவது சைடு ஸ்டெப், போடலாமா வேண்டாமா? இதில் நான் பட்டதையும் கற்றதையும் நம் உறுப்பினர்களுக்குச் சொல்கிறேன்.

பொலீரோ வாங்கிய வருடம் மார்கழியில் சுசீந்திரம் தேர் பார்க்க அம்மாவை அழைத்தேன். வீட்டில் குரண்டியைப் போட்டு அதன்மேல் கால் வைத்து ஏறிவிட்டார்கள். சுசீந்திரத்தில் இறங்கத்தான் வழியில்லை. நானும் என் மனைவியும் இருபுறமும் தாங்கி இறக்கினோம். கூட்டத்தில் நான்கு பேர் பார்த்தது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அதன்பின் எங்கே கூப்பிட்டாலும், "நீங்க போயிட்டு வாங்க மக்களே, எனக்கு முட்டு வலிக்கி" என்ற ஒரே பதில்தான். எட்டு மாதம் அம்மா வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அப்போதுதான் படியைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன்.

யாருடைய காலுக்கு?

முதலில் கேட்க வேண்டியது இதுதான். வீட்டில் வயதானவர்கள், சிறு குழந்தைகள், சேலை கட்டி ஏறும் பெண்கள் இருந்தால் படி அவசியம். எல்லோரும் வாட்டசாட்டமானவர்கள் என்றால் படி இடைஞ்சலே. அதைத் தாண்டிக் கால் வைக்க வேண்டும்; மழைக்காலத்தில் அதிலுள்ள சேறு வேட்டியில் ஒட்டும். அழகுக்காக மட்டும் போடுவது வீண் செலவு.

ஒரு டேப்பை எடுத்துத் தரையிலிருந்து கதவடித் தளம் வரை அளந்து பாருங்கள். வீட்டுப் படி ஒன்றின் உயரம் பொதுவாக 6 முதல் 7 அங்குலம். வண்டியின் உயரம் அதைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு இருந்தால் முட்டு வலிக்காரர்கள் எப்படி ஏறுவார்கள்? படி ஏறக்குறைய நடு உயரத்தில் வர வேண்டும். உருண்டைக் குழாய் மழையில் வழுக்கும். பாதத்தின் முன்பாதியாவது பதியும் அகலத்தில், ரப்பர் பதித்த தட்டைப் படியே நல்லது. கதவருகே பிடித்து ஏறக் கைப்பிடியும் இருக்க வேண்டும். கைப்பிடி இல்லாத படி பாதிப் பலனே தரும்.

விளைப் பாதையும் உப்புக் காற்றும்

பொலீரோவின் தரை இடைவெளி 180 மில்லிமீட்டர்; தார் வண்டிக்கு 226. இந்தக் கணக்கு வண்டியின் அடியில் மிகவும் தாழ்ந்த பாகத்துக்கு உரியது. படியோ பக்கவாட்டில் தொங்குவது. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் விளைப் பாதையில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் முதலில் கல்லில் இடிப்பது படிதான். அடிக்கடி அங்கே போகிறவர்கள் உடலோடு ஒட்டி, உயர்த்திப் பொருத்தும் படியைக் கேளுங்கள்.

நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கடற்காற்றும் உண்டு. பெயின்ட் அடித்த இரும்புக் குழாய் வெளியே பளபளக்கும். உள்ளே தண்ணீர் தங்கித் துருவேறும். குழாயின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். எவர்சில்வர் என்று சொல்லி விற்பதிலும் தரம் உண்டு. 202 விலை குறைவு, சீக்கிரம் துருப்பிடிக்கும், 304 மேல், உப்புக் காற்றுக்கு 316 இன்னும் மேல். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு என்று நினைக்காதீர்கள். 202-லும் காந்தம் ஒட்டாது. தரத்தின் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குவதே வழி. அலுமினியப் படியானால் போல்ட்டுக்கும் படிக்கும் இடையே நைலான் வாஷர் போடச் சொல்லுங்கள். இரண்டு உலோகம் உப்பு ஈரத்தில் நேரடியாகத் தொட்டால் அரிப்பு விரைவாகும்.

பொலீரோ போன்ற வண்டிக்குத் தனிச் சேசிஸ் உண்டு. அதில் ஏற்கெனவே உள்ள துளைகளில் போல்ட் போட்டு முடுக்குவதே முறை. புதிதாகத் துளையிடவோ வெல்டிங் வைக்கவோ சம்மதிக்காதீர்கள். க்ரெட்டா போன்ற வண்டிகளில் தனிச் சேசிஸ் கிடையாது. கம்பெனி குறித்த இடங்களில் மட்டுமே பொருத்த வேண்டும். வேலை முடிந்ததும் அங்கேயே ஜாக்கி வைத்துப் பாருங்கள். ஜாக்கி வைக்கும் இடத்தைப் படி மறைத்தால் நடுவழியில் பஞ்சரானபோதுதான் தெரியும்.

சட்டம்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனியின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. முன்பக்கக் கம்பித் தடுப்பு கூடாது என்று மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியதும் இந்தப் பிரிவை வைத்துத்தான். ஆகவே கம்பெனியே தரும் படியை, வண்டியின் அகலத்தைத் தாண்டி நீட்டாதபடி போடுவதே பத்திரம். சந்தேகமிருந்தால் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஜி.எஸ்.டி. பில் வாங்கி, அதைக் காட்டி இன்சூரன்ஸிலும் படியின் மதிப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்க்காத பொருளுக்கு இழப்பீடு கேட்பது கஷ்டம்.

கடைப் பையனை மறக்காதீர்கள்

நான் தட்டைப் படி போட்டேன். அம்மா கைப்பிடியைப் பிடித்துத் தானே ஏறினார்கள். சந்தோஷம் பத்து நாள்கூட நீடிக்கவில்லை. கடையில் நிற்கும் தம்பி ஒருவன், "தெருமுனை வரைக்கும்தானே அண்ணாச்சி" என்று படியில் தொற்றிக்கொண்டான். நானும் சரியென்று எடுத்தேன். வளைவில் கை நழுவி விழுந்தான். மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டோடு இருந்தான். வைத்தியச் செலவையும் சம்பளத்தையும் கொடுத்தேன். ஆனாலும் அவனுடைய அம்மையின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஓடும் வண்டியின் படியில் ஆளை ஏற்றுவதை அதே சட்டத்தின் 123-ஆம் பிரிவு தடை செய்கிறது. சட்டம் இருக்கட்டும், அவன் நம்மை நம்பி வந்த பிள்ளை. படி போடுகிற அன்றே கடையில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்: வண்டி நிற்கும்போது மட்டுமே படி, நகர்ந்தால் யாரும் அதில் நிற்கக் கூடாது. முதலாளியே அதில் உறுதியாக இருக்க வேண்டும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். யார் கால் வைக்கப் போகிறார்கள் என்று தெரியாமல் படியும் போடாதீர்கள். இந்த மார்கழியில் அம்மா மறுபடியும் சுசீந்திரம் தேர் பார்த்தார்கள். அந்தத் தம்பியும் எங்களோடு வந்தான், வண்டிக்குள்ளே சீட்டில் உட்கார்ந்து.