பெருமாநல்லூரிலிருந்து பல்கலைக்கழக நூலகம் எவ்வளவு தூரம்?

பாரதியார் பல்கலைக்கழகம் கோவையில் மருதமலை அடிவாரத்தில் இருக்கிறது. பெருமாநல்லூரில் குடியிருந்துகொண்டு, திருப்பூரிலோ அவிநாசியிலோ ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவர் அந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்வர வேண்டுமென்றால், ஒரு பக்கத்துக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஒரு நாள் விடுப்பு போட வேண்டும். தேடிப்போன இதழ் பைண்டிங்குக்குப் போயிருந்தால் அந்த நாளும் வீண். இணைவுக் கல்லூரி ஆசிரியர்கள் பலருக்குப் பிஎச்.டி. முடிந்த கையோடு பல்கலைக்கழக நூலகத்தின் தொடர்பு அறுந்துபோவதற்கு இந்த அலைச்சல்தான் முதல் காரணம்.

அந்த அலைச்சல் இப்போது பெருமளவு தேவையில்லை. நூலகம் வாங்கித் தரும் ஆய்விதழ்களில் பெரும்பகுதியை வீட்டில் உட்கார்ந்தே படிக்க முடியும். ஆனால் எந்தக் கல்லூரிக்கு எந்த வாசல் திறந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியவில்லை. கல்லூரி கட்டணம் கட்டி வாங்கிய வசதியை ஒருவரும் தொடாமலே ஆண்டு முடிந்துவிடுகிறது. ஆசிரியர்களுக்கும் அலுவலகப் பணியாளர்களுக்கும் நூலகத்தில் என்னென்ன இருக்கிறது, எப்படிக் கேட்டு வாங்குவது என்பதை இங்கே சொல்கிறேன்.

முதலில் பெரிய செய்தி. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் தந்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். எல்சவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, டெய்லர் அண்ட் பிரான்சிஸ், சேஜ் உட்பட 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 மின்னிதழ்கள் இதில் அடக்கம். முன்பெல்லாம் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியாகப் பேரம் பேசிச் சந்தா கட்டியது. பணம் உள்ள நிறுவனத்துக்கு இதழ் கிடைத்தது, இல்லாததற்குக் கிடைக்கவில்லை. இப்போது அரசே மொத்தமாகக் கட்டிவிடுகிறது. இதை நடத்துவது காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம்.

மாநிலப் பல்கலைக்கழகங்கள் இதற்குள் வருகின்றன, ஆகவே பாரதியார் பல்கலைக்கழகத்துக்கும் அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் இது உண்டு. திருப்பூர் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி, எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளும் இந்த வகையைச் சேர்ந்தவை. நீங்கள் அரசுக் கல்லூரி ஆசிரியர் என்றால் உங்கள் நூலகரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘நம் கல்லூரி இந்தத் திட்டத்தின் தளத்தில் பதிவு செய்திருக்கிறதா, என் பெயர் சேர்ந்திருக்கிறதா’ என்பதுதான். கல்லூரி பதிவு செய்யாமல் தனி ஆள் உள்ளே போக முடியாது.

இந்த வட்டாரத்துக்குக் கசப்பான செய்தியும் இதே திட்டத்தில் இருக்கிறது. முதல் கட்டம் மத்திய, மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் மட்டும்தான். சுயநிதிக் கல்லூரிகள் வெளியே நிற்கின்றன. திருப்பூர், அவிநாசி, பெருந்துறை என்று இந்த வட்டாரம் நெடுகிலும் இருக்கும் கல்லூரிகளில் பெரும்பாலானவை சுயநிதிக் கல்லூரிகள். பின்னலாடைத் தொழிலுக்கு ஆட்களைப் பயிற்றுவித்து அனுப்புகிறவையும் பெரும்பாலும் அவைதான். இந்தத் தொழிலுக்கு அருகில் இருக்கும் ஆசிரியருக்கு இதழ் கிடைக்காமல் இருப்பது சரியல்ல. தனியார் நிறுவனங்களையும் சேர்க்கும் அடுத்த கட்டத்தை அரசு தாமதிக்காமல் கொண்டுவர வேண்டும்.

அதுவரை சுயநிதிக் கல்லூரி ஆசிரியர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. கலை அறிவியல் கல்லூரிகளுக்காக 2010-இல் தொடங்கிய ‘என்-லிஸ்ட்’ திட்டம் இருக்கிறது. இதுவும் இன்ஃப்ளிப்நெட் நடத்துவதுதான். கல்லூரி ஆண்டுக் கட்டணம் கட்டிச் சேர்ந்தால் 6,000-க்கும் மேற்பட்ட மின்னிதழ்களும் 1,99,500-க்கும் மேற்பட்ட மின்னூல்களும் திறக்கும். அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்குக் கட்டணம் குறைவு, மற்றவற்றுக்குக் கூடுதல். நூலகர் உங்கள் பெயரையும் மின்னஞ்சலையும் சேர்த்துக்கொடுத்தால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உங்களுக்கு வந்துவிடும். அதன்பிறகு கல்லூரி வளாகத்தில் இருக்க வேண்டிய அவசியமில்லை. பெருமாநல்லூர் வீட்டில் ராத்திரி பத்து மணிக்கும் படிக்கலாம். பொறியியல், மேலாண்மைக் கல்லூரிகள் இதில் சேர முடியாது. அவற்றுக்கு டெல்நெட் உதவும். 1988-இல் டெல்லி நூலகங்களை இணைக்கத் தொடங்கிய அமைப்பு இது, இன்று நாடு முழுக்க உறுப்பு நூலகங்கள் உள்ளன. ஒரு நூலகத்தில் இல்லாத புத்தகத்தை இன்னொரு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவதே இதன் முக்கிய வேலை.

வீட்டிலிருந்து திறக்கும்போது பலரும் ஓரிடத்தில் தடுக்கி விழுகிறார்கள். கூகுளில் கட்டுரையைத் தேடுகிறார்கள், பதிப்பகத்தின் பக்கம் திறக்கிறது, 40 டாலர் கட்டு என்று கேட்கிறது, ‘நமக்குக் கிடைக்காது’ என்று மூடிவிடுகிறார்கள். கல்லூரி வளாகத்து இணையத்தில் இருந்தால் அந்தப் பக்கம் உங்களை அடையாளம் கண்டுகொள்ளும். வீட்டிலிருந்து போனால் நீங்கள் யார் என்று அதற்குத் தெரியாது. ‘நிறுவனம் வழியாக உள்நுழை’ என்ற பொத்தானை அழுத்தி, இன்ஃபெட் என்ற இன்ஃப்ளிப்நெட்டின் பொது வாசல் வழியாக உங்கள் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என்-லிஸ்ட் உறுப்பினர் என்றால் முதலில் என்-லிஸ்ட் தளத்தில் நுழைந்து, அங்கிருந்துதான் இதழுக்குப் போக வேண்டும். இந்த ஒரு விஷயத்தைப் புது ஆசிரியர்களுக்குச் செய்து காட்ட நூலகருக்கு அரை மணி நேரம் போதும்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நம் ஊர்ப் பிரச்சினையிலிருந்தே பதில் சொல்லலாம். சிங்கிள் ஜெர்சி பனியனைத் துவைத்ததும் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்துவிடுவதை இந்த ஊரில் பார்க்காதவர் இல்லை. நூலில் தங்கியிருக்கும் முறுக்கு, துணி நனைந்து தளரும்போது தன்னை விடுவித்துக்கொள்ளப் பார்க்கிறது, கூடவே கண்ணிகளும் சாய்ந்துவிடுகின்றன. நூலின் முறுக்கு, பின்னலின் நெருக்கம், ஒரே நேரத்தில் எத்தனை நூல் ஊட்டும் மெஷின் என்பதையெல்லாம் பொறுத்து இது கூடும், குறையும். இந்த முறுக்கலைக் குறிக்கும் ‘ஸ்பைராலிட்டி’ என்ற சொல்லைப் போட்டுத் தேடினால் ‘டெக்ஸ்டைல் ரிசர்ச் ஜர்னல்’, ‘ஜர்னல் ஆஃப் த டெக்ஸ்டைல் இன்ஸ்டிட்யூட்’ இரண்டிலும் பல பத்தாண்டுக் கட்டுரைகள் வந்து நிற்கும். முதலாவது சேஜ் வெளியீடு, இரண்டாவது டெய்லர் அண்ட் பிரான்சிஸ் வெளியீடு. சாயக் கழிவு பற்றிப் பாடம் எடுப்பவருக்கு எல்சவியரின் ‘டைஸ் அண்ட் பிக்மென்ட்ஸ்’, வைலியின் ‘கலரேஷன் டெக்னாலஜி’ இரண்டும் அன்றாடம் வேண்டியவை. சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்குப் பிறகு இந்த ஊர் கற்றுக்கொண்ட கழிவுநீர்ச் சுத்திகரிப்பை, உலகின் மற்ற சாய நகரங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய பொறுப்பு இங்குள்ள ஆசிரியருக்கே அதிகம்.

காசே இல்லாமல் கிடைப்பவற்றையும் மறக்கக் கூடாது. ‘இண்டியன் ஜர்னல் ஆஃப் ஃபைபர் அண்ட் டெக்ஸ்டைல் ரிசர்ச்’ என்ற அரசு ஆய்விதழின் கட்டுரைகளை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்க மாட்டார்கள். இன்ஃப்ளிப்நெட்டின் ‘சோத்கங்கா’ தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் முழுமையாக இருக்கின்றன. பின்னலாடை ஏற்றுமதி, நொய்யல் ஆற்று மாசு, தொழிலாளர் நிலை என்று நம் வட்டாரத்தைப் பற்றிய ஆய்வேடுகள் அங்கே உண்டு. ஒரு தலைப்பில் மாணவரை இறக்கிவிடுமுன் வழிகாட்டி ஆசிரியர் அங்கே பார்த்துவிட்டால், ஏற்கெனவே செய்த வேலையை இன்னொருவர் மூன்று ஆண்டு மறுபடி செய்வது தவிரும். காரக்பூர் ஐஐடி நடத்தும் தேசிய மின்னூலகம் 2018 முதல் பொதுமக்களுக்கே திறந்திருக்கிறது.

ஆசிரியர்கள் நூலகத்தை அதிகம் நாடுவது கருத்துத் திருட்டுச் சோதனைக்குத்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் இதை நான்கு நிலையாகப் பிரிக்கின்றன. ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு தடை. 60-ஐத் தாண்டினால் ஆய்வாளர் பதிவே ரத்து. மேற்கோள் குறிக்குள் பெயர் சொல்லி எடுத்தவை, துணைநூல் பட்டியல், பொதுவான சொற்றொடர்கள் இந்தக் கணக்கில் வரா. 2019-இல் தொடங்கிய ‘சோத்சுத்தி’ திட்டத்தின் மென்பொருள் வழியாகப் பல்கலைக்கழக நூலகங்கள் இந்தச் சோதனையைச் செய்து அறிக்கை தருகின்றன. ஆய்வேட்டை முழுதாக முடித்துவிட்டுக் கடைசி நாளில் கொண்டுபோய்க் கொடுப்பதைவிட, முதல் இரண்டு இயல்கள் முடிந்ததும் நூலகரிடம் காட்டுவது நல்லது. அப்போது திருத்த நேரம் இருக்கும்.

கட்டுரை எங்கே வெளியிடுவது என்ற கேள்வியிலும் நிலைமை மாறிவிட்டது. மானியக் குழு வைத்திருந்த ‘கேர்’ இதழ்ப் பட்டியல் 2025 பிப்ரவரியோடு கைவிடப்பட்டது. இனி எந்த இதழ் நல்லது என்று நிறுவனங்களும் ஆசிரியர்களும்தாம் முடிவெடுக்க வேண்டும். ‘மூன்று நாளில் வெளியீடு, கட்டணம் மட்டும் அனுப்புங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் இதழ்களுக்கு இது கொண்டாட்டம். பணம் அனுப்புமுன் நூலகரிடம் இதழின் பெயரைச் சொல்லுங்கள். ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்களா, அந்த ஐஎஸ்எஸ்என் எண் அந்த இதழுக்குத்தான் உரியதா, ஸ்கோபஸிலோ திறந்த அணுக்க இதழ்களின் கோவையான டிஓஏஜேயிலோ அது இருக்கிறதா என்று பார்க்க அவருக்குத் தெரியும்.

நகல் எடுப்பது பற்றி ஒரு சொல். வகுப்புக்காகப் புத்தகத்தின் சில பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது குற்றமோ என்று பல ஆசிரியர்கள் அஞ்சுகிறார்கள். டெல்லிப் பல்கலைக்கழக வளாக ஜெராக்ஸ் கடை மீது மூன்று பெரிய பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், கற்பித்தலுக்காகப் பாடத் தொகுப்பு நகலெடுப்பதை 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது என்று 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டே பதிப்பகங்கள் வழக்கிலிருந்து விலகிக்கொண்டன. முழுப் புத்தகத்தையும் நகலெடுத்து விற்கலாம் என்று இதற்குப் பொருளல்ல.

எல்லாமே மின்வடிவில் இருக்கிறது என்றும் நினைத்துவிடக் கூடாது. 1970 ஜூன் 19 அன்று மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் மீது பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூடு நடந்து மூன்று பேர் இறந்தார்கள். நம் ஊரின் முக்கியமான இந்த நிகழ்வை ஒரு வரலாற்று ஆசிரியர் எழுத வேண்டுமென்றால், அந்த வாரத்துத் தமிழ் நாளிதழ்களைப் புரட்டியாக வேண்டும். அதற்குச் சென்னை எழும்பூரின் கன்னிமாரா நூலகம், அரசு ஆவணக் காப்பகம், தரமணியின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆகியவற்றைத்தான் நாட வேண்டும். போகுமுன் உங்கள் கல்லூரி நூலகரிடம் அறிமுகக் கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்ன தேடுகிறீர்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போனால் பயணம் வீணாகாது.

இனி அலுவலகப் பணியாளர்கள். கல்லூரி நூலகம் என்றால் மாணவருக்கும் ஆசிரியருக்கும் என்றே கண்காணிப்பாளரும் இளநிலை உதவியாளரும் ஆய்வக உதவியாளரும் ஒதுங்கிப் போகிறார்கள். அரசுக் கல்லூரி அலுவலர்கள் தேர்வாணையத்தின் துறைத் தேர்வுகளில் தேறினால்தான் பதவி உயர்வு. கணக்குத் தேர்வுக்கு வேண்டிய நிதி விதித் தொகுப்புகளையும் அடிப்படை விதிகள் நூலையும் பணியாளர்கள் எழுதிக் கேட்டால் நூலகம் வாங்கி வைக்கலாம். கேட்பார் இல்லாததால்தான் அவை அலமாரிக்கு வருவதில்லை. ஆய்வக உதவியாளருக்கு வேண்டிய துணிப் பரிசோதனைத் தர ஆவணங்களில் பலவற்றை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தளத்திலேயே இலவசமாக இறக்கலாம். இதைத் தேடி எடுத்துக் கொடுப்பதும் நூலகரின் வேலைதான்.

சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் ஒன்று வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. அதைச் செய்யக்கூடிய ஆள் இன்று ஒவ்வொரு கல்லூரியிலும் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் புத்தகம் எடுத்துக் கொடுத்துத் தேதி முத்திரை குத்துகிறவராக மட்டும் நடத்தும் கல்லூரிகள் தமக்கே நட்டம் செய்துகொள்கின்றன. தேர்வு மேற்பார்வைக்கும் சேர்க்கைப் பணிக்கும் நூலகரை இழுத்துவிட்டு நூலகத்தைப் பூட்டி வைப்பது நிற்க வேண்டும்.

ஆகவே ஆசிரியர்களே, இந்த வாரத்தில் ஒரு மதிய இடைவேளையை ஒதுக்கி நூலகரைப் போய்ப் பாருங்கள். கல்லூரி எந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறது என்று கேட்டு உங்கள் பயனர் பெயரை வாங்கிக்கொள்ளுங்கள். எதிலும் சேரவில்லை என்று பதில் வந்தால், துறையில் உள்ள எல்லாரும் கையெழுத்திட்டு முதல்வரிடம் ஒரு கடிதம் கொடுங்கள். நிர்வாகத்தினருக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் போடும்போது என்-லிஸ்டுக்கோ டெல்நெட்டுக்கோ உரிய தொகையை முதல் வரியில் எழுதுங்கள்.