ட்ரோபோனின் என்னும் அளவுகோல்

இருங்காட்டுக்கோட்டையில் கார்களும் ஓரகடத்தில் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் உருவாகும் நம் தொழில் வட்டாரத்தில், ஸ்டென்ட் வைத்துக்கொண்டோ பைபாஸ் செய்துகொண்டோ சென்னையிலிருந்து வீடு திரும்பும் ஒருவரை, மருத்துவமனை அறிக்கையில் எந்தச் சொல்லையும்விட அதிகமாகக் கலங்கவைப்பது 'ட்ரோபோனின்' என்ற சொல்லும் அதன் எதிரே நிற்கும் பெரிய எண்ணுமே என்பது என் அபிப்பிராயம்.

ஜப்பானிய விஞ்ஞானி சேட்சுரோ எபாஷி 1965-ஆம் ஆண்டு உலகுக்கு அறிவித்த இப்புரதம், கால்சியத்தின் ஏவலுக்கேற்பத் தசை சுருங்கித் தளர உதவுவது. இதன் டி, ஐ என்னும் பகுதிகள் இருதயத் தசையில் தனி வடிவம் கொண்டவை; ஆதலால், வண்டிக்கடியில் சொட்டும் எண்ணெய் உள்ளே எங்கோ கசிவென்று காட்டுவதுபோல, இவை ரத்தத்தில் மிகுவது இருதயத் தசைக்குச் சேதம் நேர்ந்ததைக் காட்டும். சோதனைக் குழாயிலுள்ள ரத்தத்தைச் சுழற்றியெடுத்து, மேலே தெளியும் வெளிர்மஞ்சள் நீரில் ட்ரோபோனினை மட்டும் பற்றும் எதிர்ப்பொருட்களைச் சேர்த்தால், எழும் ஒளியின் அளவே நானோகிராம் கணக்கில் அச்சாகிறது.

டாக்டர் கே.எம். செரியன் 1975-இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் இந்தியாவின் முதல் பைபாஸ் சிகிச்சையைச் செய்த காலத்தில் இப்பரிசோதனை இல்லை. அன்று அளக்கப்பட்ட கிரியேட்டின் கைனேஸ் நொதியோ கைகால் தசைகளிலும் உள்ளதாகையால், நெஞ்சைத் திறந்த கத்தியே அதை உயர்த்திவிடும்.

ட்ரோபோனினுக்கு அக்குறை இல்லை. ஆயினும், இருதயத்தை நிறுத்தித் தையலிட்டு மீண்டும் துடிக்கச் செய்யும் சிகிச்சையில் ட்ரோபோனின் ஏறாதிருப்பதுதான் அபூர்வம். ஆரோக்கியமானவர்களில் 100-க்கு 99 பேர் அடங்கும் எல்லையைப்போல், ஸ்டென்டுக்குப் பின் 5 மடங்கும் பைபாஸுக்குப் பின் 10 மடங்கும் மிஞ்சி, இ.சி.ஜி. மாற்றம் போன்ற வேறு சான்றும் சேர்ந்தாலன்றி அதை மாரடைப்பென்று கொள்வதில்லை என 2018-இன் சர்வதேச வரையறை கூறிற்று. அதன்பின் 12 நாடுகளில் 13,862 நோயாளிகளை ஆராய்ந்து 2022-இல் வெளியான ஆய்வோ, பைபாஸ் அல்லது பெருந்தமனி வால்வு சிகிச்சைக்குப் பின் ஒரு நாளுக்குள், ஐ வகையின் அளவு அவ்வெல்லையைப்போல் 218 மடங்கை எட்டிய பின்பே 30 நாட்களுக்குள் மரண அபாயம் திட்டமாக உயர்ந்ததைக் கண்டது.

சிறுநீரகக் கோளாறுள்ளவரிடம் புதுச் சேதமின்றியே ட்ரோபோனின் உயர்ந்து நிற்பதுமுண்டு. எனவே தனியொரு எண் தீர்ப்பாகாது. அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம். விடியற்காலையில் செவிலியர் மறுபடியும் ஊசியுடன் வந்தால் "நேற்றுத்தானே எடுத்தீர்கள்" என்று மறுக்காதீர்கள். அறிக்கைகளைத் தேதிவாரியாகச் சேர்த்துவைத்து, டி வகையா ஐ வகையா என்று குறித்துக்கொண்டு, அடுத்த முறை மருத்துவரிடம் அவசியம் காட்டுங்கள்.