வலிப்பும் இதயத் துடிப்பும்

வலிப்பு என்றதும் கைகால் இழுப்பதும் வாயில் நுரை தள்ளுவதுமே பலரின் நினைவுக்கு வரும். ஆனால், அவ்வேளையில் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் ஒன்று நெஞ்சுக்குள்ளும் நிகழ்கிறது. வலிப்பு தோன்றுவது மூளையில் என்றாலும் அதன் தாக்கம் இதயத்தையும் எட்டுகிறது.

இதயம் தானாகத் துடிக்கும் ஆற்றல் கொண்டது. அதன் வலது மேலறையிலுள்ள சைனஸ் கணு மின்துடிப்பை உண்டாக்குகிறது. ஓய்வாக இருக்கும் பெரியவரின் இதயம் பொதுவாக நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை துடிக்கும். தேவைக்கேற்ப இவ்வேகத்தை மாற்றுவது தன்னியக்க நரம்பு மண்டலம் ஆகும். அதன் ஒரு பிரிவான பரிவு நரம்புகள் துடிப்பை விரைவுபடுத்துகின்றன. மற்றொரு பிரிவைச் சேர்ந்த வேகஸ் நரம்பு அதனைத் தணிக்கிறது.

மூளையின் நரம்பணுக்கள் கட்டுப்பாடின்றி ஒரே நேரத்தில் மின்சமிக்ஞைகளை வெளியிடும்போது வலிப்பு ஏற்படுகிறது. இக்கொந்தளிப்பு, தன்னியக்க நரம்புகளை ஆளும் மூளைப் பகுதிகளுக்குப் பரவினால் இவ்விரு பிரிவுகளின் சமநிலை குலைகிறது. பெரும்பாலும் துடிப்பு நிமிடத்திற்கு 100ஐத் தாண்டுகிறது. மிகச் சிலருக்கோ துடிப்பு குறைந்து, சில விநாடிகள் நின்றும் விடுகிறது.

இதற்கு மாறான நிலையும் உண்டு. இதயத் துடிப்பு சீர்கெட்டு மூளைக்கு இரத்தம் குறைந்தால் ஒருவர் மயங்கி விழலாம்; அப்போது கைகால்களும் துடிக்கலாம். பார்ப்பவர் அதனை வலிப்பு நோய் என்றே எண்ணிவிடுவர். எனவேதான், முதன்முறை வலிப்பு கண்டவருக்கு மருத்துவர்கள் மூளையின் மின்னலைகளோடு இதயத்தின் மின்னலைகளையும் பதிவுசெய்து பார்க்கின்றனர்.

வலிப்பு கண்டவரின் கையில் இரும்புச் சாவியைக் கொடுக்கும் பழக்கம் நம்மிடையே உள்ளது. பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும். அதனால், சாவியே வலிப்பை நிறுத்தியதாகத் தோன்றுகிறது. உண்மையில், அவருக்குத் தேவைப்படுவது வேறு. அருகிலுள்ள கூர்மையான பொருள்களை அகற்ற வேண்டும்; தலைக்கு அடியில் மென்மையான துணியை வைக்க வேண்டும். கைகால்களை அழுத்திப் பிடிக்கவோ வாயில் எதையும் திணிக்கவோ கூடாது. இழுப்பு நின்றதும் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சு சீராக வருகிறதா என்று கவனிக்க வேண்டும். வலிப்பு 5 நிமிடத்திற்கு மேல் நீடித்தாலோ மூச்சு வரவில்லை என்றாலோ 999 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

அந்தச் சில நிமிடங்களில் சாவியைத் தேடி ஓடுவதைவிடக் கடிகாரத்தையும் அவரது மூச்சையும் கவனிப்பதே உயிர்காக்கும் உதவியாகும்.