இசை வேலைக்கு மடிக்கணினி: திருத்தக்கூடியதா என்று முதலில் கேளுங்கள்

வெளிநாட்டிலிருந்து அண்ணாவோ அக்காவோ காசு அனுப்பி, பாட்டு வேலைக்கு நல்ல மடிக்கணினி ஒன்று வாங்கு என்கிறார்கள். கடையில் முதலில் காட்டுவது மெல்லியதும் பளபளப்பானதுமான ஒன்றைத்தான். மூன்றாம் வருடம் அது பழுதானால் முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ யார் திருத்துவார் என்று அந்த நேரத்தில் எவரும் கேட்பதில்லை. ஆனால் அதற்குள் ஒரு முதிய அண்ணாவியாரின் கூத்துப் பாட்டோ, ஒரு அம்மாவின் ஒப்பாரியோ இருக்கலாம். இடப்பெயர்வுகளில் ஒலிநாடாக்களைப் பறிகொடுத்தவர்கள் நாங்கள். அவற்றில் பாடிய பலர் இன்று இல்லை.

இசை வேலைக்கு விலை உயர்ந்த கிராபிக்ஸ் அட்டை தேவையில்லை. வேண்டியது வேகமான புரொசசர், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. 24 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸ் தரத்தில் ஒரு குரலைப் பதிந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8 எம்பி பிடிக்கும். ஐந்து நிமிடப் பாட்டுக்குப் பத்துத் தடங்கள் என்றால் 400 எம்பி. திரும்பத் திரும்பப் பாடிப் பதிந்தால் அது சில ஜிபியாகிவிடும்.

நீண்ட காலம் உழைக்குமா என்பதை மூடியின் உறுதியை வைத்து முடிவு செய்யாதீர்கள். அடிமூடியைக் கழற்றினால் ராம், எஸ்எஸ்டி, பற்றரி மூன்றையும் மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். 2018இல் வந்த லெனோவோ திங்க்பேட் டி480 இதற்கு நல்ல உதாரணம். ராம் செருக இரண்டு இடங்கள். உள்ளே ஒரு பற்றரி, பின்னால் இன்னொன்று. இயங்கிக்கொண்டிருக்கும்போதே பின் பற்றரியைக் கழற்றி வேறொன்றைப் போடலாம். அடுத்து வந்த டி490இல் இந்த வசதி இல்லை, ராமின் ஒரு பகுதியும் பலகையோடு ஒட்டப்பட்டுவிட்டது. பெயரும் தோற்றமும் ஒன்றுபோல இருப்பதால் ஏமாந்துவிட வேண்டாம்.

2020இல் வந்த அப்பிளின் எம்1 மக்புக் எயார் இசைக்கு அருமையானது. விசிறியே இல்லாததால் பதிவில் இரைச்சல் விழாது. ஆனால் ராமையும் சேமிப்பகத்தையும் பின்னர் கூட்ட முடியாது. பலகை பழுதானால் உள்ளிருக்கும் பதிவுகளை மீட்பதும் பெரும்பாடு. கொழும்புக்குப் போய்வர வசதியுள்ளவர்களுக்கு அது சரி. மற்றவர்களுக்கு நான் திங்க்பேட்டையே சொல்வேன்.

மின்சாரத்தையும் யோசிக்க வேண்டும். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனத்துக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. பதிவு நடுவில் மின் போனால் பற்றரிதான் கைகொடுக்கும். இன்னொரு நன்மையும் உண்டு. எர்த் சரியில்லாத வீடுகளில் சார்ஜரைச் செருகியதும் பதிவில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கேட்கும். சார்ஜரைக் கழற்றிவிட்டு பற்றரியில் பதிந்தால் பெரும்பாலும் அது போய்விடும்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் உப்புக் காற்று படாமல் மூடி வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை விசிறித் தூசியைத் துடைப்பிப்பது எல்லோருக்கும் நல்லது.

பழைய மடிக்கணினி வாங்குவதானால் இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 11 அதற்கு முந்தியவற்றை ஏற்காது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபரோடு முடிந்தது. கடைக்குப் போகும்போது ஹெட்போனையும் ஓடியோ இன்டர்பேஸையும் கொண்டுபோங்கள். ஒவ்வொரு யூஎஸ்பி துளையிலும் செருகி, சார்ஜரைக் கழற்றி, அரை மணித்தியாலம் தொடர்ந்து பதிந்து பாருங்கள். இடையில் 'டிக் டிக்' என்று வெட்டினால் அந்தக் கணினி வேண்டாம்.

கையில் இருக்கும் காசு முழுவதையும் கணினிக்கே கொடுத்துவிடாதீர்கள். வெளியில் செருகும் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்க மிச்சம் பிடியுங்கள். எஸ்எஸ்டி சாகும்போது பல நேரம் முன்கூட்டிச் சொல்லாது. ஒவ்வொரு பதிவும் முடிந்த அன்றே இரண்டிலும் பிரதி எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில், தங்கச்சி வீட்டிலோ மாமி வீட்டிலோ, கொடுத்து வையுங்கள்.