தர்ம காண்டாவுக்கு யார் சாட்சி?

எடைக்கல் இல்லாமலே ராட்சதத் தராசுகளைச் சரிபார்க்க வழி இருக்கிறது. ஆனால் அது எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

வட இந்திய நெடுஞ்சாலைகளில் லாரிகளை எடை போடும் மேடைக்கு 'தர்ம காண்டா' என்று பெயர். தர்மத்தின் தராசு. ஆனால் அந்தத் தராசு தர்மம் தவறாமல் இருக்கிறதா என்பது மேற்கு உத்தரப் பிரதேசக் கரும்பு விவசாயிக்குப் பணப் பிரச்சினை. 10 டன் கரும்பு ஏற்றிய டிராலியில் எடை அரை சதவீதம் பிசகினால் 50 கிலோ போச்சு. நாளொன்றுக்கு 5,000 டன் அரைக்கும் ஆலையில் அதே பிசகு 25 டன்.

தராசைச் சோதிக்க எடைக்கல்தான் பழைய வழி. ஆனால் 50 டன் மேடையை முழுக்கச் சோதிக்க 20 கிலோ இரும்புக் கற்கள் 2,500 தேவை. சிமெண்ட் ஆலையின் சைலோவிலோ கல் அடுக்க இடமே கிடையாது. எனவே தொழிற்சாலைகள் கணக்கை நம்பத் தொடங்கின.

இந்தத் தராசுகளைத் தாங்கி நிற்பவை 'லோட் செல்'கள். பாரம் ஏறும்போது இந்த உலோகத் துண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு நெளிகிறது. அதில் ஒட்டியுள்ள மெல்லிய உலோக இழையின் மின்தடை மாறுகிறது. முழுப் பாரத்தில், கொடுக்கும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் 2 மில்லிவோல்ட் கிடைப்பது பரவலான அளவு. துல்லியமான எண் ஒவ்வொரு செல்லின் சான்றிதழிலும் இருக்கும். தலா 10 டன் தாங்கும் 4 செல்களுக்கு 10 வோல்ட் கொடுத்தால், காலி சைலோவில் 20 டன் சரக்கு ஏறும்போது 10 மில்லிவோல்ட் கூட வேண்டும். இந்த விவரத்தைத் தராசின் மின்னணுப் பெட்டியில் பதித்தால் வேலை முடிந்தது.

கணக்கில் தவறில்லை. சிக்கல் வெளியில் இருக்கிறது. சைலோவோடு இணைந்த குழாய் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். மேடையின் ஓரத்தில் சேறும் சக்கையும் அடைத்துக்கொள்ளும். ஒரு செல் சாய்ந்திருக்கலாம். லோட் செல் தன்மேல் இறங்கிய பாரத்தை மட்டுமே சொல்லும், இறங்காததைச் சொல்லாது.

தொட்டிகளில் தண்ணீரை அளந்து ஊற்றிச் சோதிப்பதும் உண்டு. அங்கும் கவனம் தேவை. 1,000 லிட்டர் தண்ணீர் 1,000 கிலோ இருப்பது 4 டிகிரி செல்சியஸில்தான். 30 டிகிரியில் சுமார் 996 கிலோ.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. 10 டன் கற்களை மேடையில் வைத்து அளவைக் குறித்துக்கொள்கிறார்கள். கற்களை இறக்கிவிட்டு, அதே அளவு காட்டும்வரை மணலைக் கொட்டுகிறார்கள். இப்போது மணல் 10 டன். அதன்மேல் மீண்டும் கற்களை வைத்தால் 20 டன். இப்படியே 50 டன் வரை ஏறலாம். ஒரே பாரத்தைத் திரும்பத் திரும்ப வைத்தாலும் அளவு மாறாத தராசுகளுக்கு, மொத்தத் திறனில் ஐந்தில் ஒரு பங்கு கற்களே போதும் என்கிறது சர்வதேச சட்ட அளவியல் அமைப்பின் 'ஆர் 76' பரிந்துரை.

ஆலைக்குள் சரக்கு இருப்பைப் பார்க்கக் கணக்கு போதும். ஆனால் எடையை வைத்துப் பணம் கைமாறும் இடத்தில் சட்டம் விடுவதில்லை. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் 2011ஆம் ஆண்டின் விதிகளும் லாரி எடை மேடைகளை 12 மாதத்துக்கு ஒருமுறை சரிபார்த்து முத்திரையிடச் சொல்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை, கிலோகிராமே கல்லைக் கைவிட்டுவிட்டது. 2019 மே 20 முதல் அதன் வரையறை பிளாங்க் மாறிலியை வைத்துத்தான். இந்தியாவின் பழைய ஆதாரம், 57ஆம் எண் பிளாட்டினம்-இரிடியம் உருளை, டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்தது.

டிராலியோடு வரிசையில் நிற்கும் விவசாயி கவனிக்க வேண்டியவை அதைவிட எளியவை: முத்திரையின் தேதி, மேடையைச் சுற்றியுள்ள இடைவெளி, வண்டி ஏறுமுன் திரையில் பூஜ்யம்.