அடுப்புக்கு ஏற்ற எரிவாயு அழுத்தம்: வீட்டிலும் கேரவனிலும்

ரவாங், பெஸ்தாரி ஜெயா, கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த மூத்தோர் பலர் விறகடுப்பில் சமைத்துப் பழகியவர்கள். விறகடுப்பில் தீ அதிகமானால் ஒரு கட்டையை வெளியே இழுத்துவிடலாம். எரிவாயு அடுப்பில் அந்த வேலையைச் செய்வது தோம்பின் தலையில் பொருத்தும் ரெகுலேட்டர். அது அடுப்புக்கு ஏற்றதாக இல்லாவிட்டால் தீக்காயம், வெடிப்பு, நச்சுப்புகை ஆகிய ஆபத்துகள் ஏற்படலாம்.

ரெகுலேட்டர் என்ன செய்கிறது?

தோம்புக்குள் எரிவாயு மிகுந்த அழுத்தத்தில் திரவமாக அடைக்கப்பட்டிருக்கிறது. வீட்டு அடுப்புக்குத் தேவையான அழுத்தமோ மிகக் குறைவு: ஏறக்குறைய 28 முதல் 30 மில்லிபார். தோம்புக்குள் இருக்கும் அழுத்தம் இதைப்போல் நூறு மடங்குக்கும் அதிகமாக இருக்கலாம். அதைக் குறைத்து, ஒரே சீராக அடுப்புக்கு அனுப்புவதே ரெகுலேட்டரின் வேலை.

கடைகளில் இரண்டு வகை ரெகுலேட்டர்கள் விற்கப்படுகின்றன. குறைந்த அழுத்த வகை வீட்டு அடுப்புக்கு உரியது. உயர் அழுத்த வகை, கல்யாணத்துக்கும் கோயில் அன்னதானத்துக்கும் பயன்படுத்தும் பெரிய அடுப்புக்கு உரியது. விருந்து முடிந்ததும் அந்த ரெகுலேட்டரைக் கழற்றி வீட்டு அடுப்பில் மாட்டுவது மிகவும் ஆபத்தானது. நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அதன் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்; எழுத்து சிறியதாக இருந்தால் பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அழுத்தம் பொருந்தாவிட்டால் என்ன ஆகும்?

அழுத்தம் கூடினால்: தீ நீண்டு எழும்பும், சீறும், அடுப்பை விட்டு விலகி எரியும். அடுப்பின் வால்வு கசியலாம். ரப்பர் குழாய் கழன்றுகொள்ளலாம்.

அழுத்தம் குறைந்தால்: தீ சிறுத்து, காற்றில் அணைந்துவிடும். எரியாத எரிவாயு வீட்டுக்குள் பரவும்.

நல்ல தீ நீலமாக, அமைதியாக எரியும். தீ மஞ்சளாக எரிந்தாலோ சட்டியின் அடியில் கரி படிந்தாலோ எரிவாயு சரியாக எரியவில்லை என்று பொருள். அப்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு உண்டாகலாம்.

கேரவனில் பயணம் போகும்போது

இப்போது சில குடும்பங்கள் கேரவனிலும் சமையல் வசதியுள்ள வேனிலும் பயணம் போகின்றன. அங்கே இன்னும் கூடுதல் கவனம் தேவை. வெளிநாட்டிலிருந்து வந்த கேரவன்களின் அடுப்புகள் எல்லாம் ஒரே அழுத்தத்தில் இயங்குவதில்லை. பிரிட்டனின் பழைய கேரவன்களில் பியூட்டேன் வாயுவுக்கு 28 மில்லிபார், புரொப்பேன் வாயுவுக்கு 37 மில்லிபார் என்று இருந்தது. 2003ஆம் ஆண்டு வாக்கில் அங்கு 30 மில்லிபார் பொது அளவானது. ஜெர்மனியின் பழைய வண்டிகளில் 50 மில்லிபார் அடுப்புகளும் உண்டு.

எனவே அடுப்பிலும் நீர் சூடாக்கியிலும் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். அதில் உள்ள எண்ணும் ரெகுலேட்டரில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். தகடு அழிந்திருந்தால், தகுதிபெற்ற எரிவாயுப் பணியாளர் சோதிக்கும்வரை அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.

• தோம்பை நிமிர்த்தியே வையுங்கள். படுக்கவைத்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் போய்விடும்.
• எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். வண்டியின் தரையில் உள்ள காற்றுத் துளைகளைத் துணியால் அடைக்காதீர்கள்.
• வண்டி ஓடும்போது தோம்பை மூடிவையுங்கள்.
• மழைக் குளிருக்கு அடுப்பை மூட்டிக் குளிர்காயாதீர்கள்.

மூத்தோர் கவனிக்க வேண்டியது

எரிவாயுவுக்கு இயல்பாக வாசனை இல்லை. கசிவு தெரியவேண்டும் என்றே கெட்ட வாடையைச் சேர்க்கிறார்கள். வயதானால் மூக்கின் நுகரும் சக்தி குறையும். உங்களுக்கு வாடை தெரியவில்லை என்பதால் கசிவு இல்லை என்று முடிவுசெய்யாதீர்கள். இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிகிறது. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவே கூடாது.

கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் பலர் பித்தம் என்று நினைத்துப் படுத்துவிடுகிறார்கள். உடனிருப்பவர்களுக்கும் அதே தொல்லை இருந்தால், அல்லது வெளியே வந்ததும் குறைந்தால், புகையே காரணமாக இருக்கலாம். இதய நோய் உள்ளவர்களை இது விரைவில் பாதிக்கும்.

கசிவு தெரிந்தால்

1. அடுப்பையும் தோம்பையும் மூடுங்கள்.
2. கதவு, சன்னல்களைத் திறங்கள். விளக்கு, மின்விசிறி சுவிட்சைத் தொடாதீர்கள்.
3. எல்லாரும் வெளியே வாருங்கள். வெளியே வந்தபின் 999 எண்ணை அழையுங்கள்.

தீக்காயம் பட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, கிச்சாப், எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம். தலைசுற்றலோ மயக்கமோ வந்தவரை நல்ல காற்றுக்குக் கொண்டுவந்து, உடனே மருத்துவ உதவி பெறுங்கள்.

இன்று தோம்பு மாற்றும்போது ஒரு நிமிடம் ஒதுக்கி, ரெகுலேட்டரில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் தோம்பு கொண்டுவருபவரிடமே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.