க்ராஸ்ஓவர்: சுவர் இல்ல, சரிவு

மூணு மாசம் காசு சேர்த்து, வீட்ல இருந்த சின்ன ஸ்பீக்கர் ஜோடிக்குத் துணையா ஒரு சப்வூஃபர் வாங்கினேன். அப்பா இளையராஜா பாட்டு போடச் சொன்னார். ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு, "என்னடா, பேஸ் கிட்டார் நடுநடுவுல முழுங்குது?"ன்னார். சுருக்குனு ஆயிடுச்சு. திருப்பிக் கொடுத்துடலாமான்னுகூட யோசிச்சேன்.

தப்பு என்மேலதான். ஸ்பீக்கர் அட்டைப்பெட்டியில "60 ஹெர்ட்ஸ் முதல்"னு போட்டிருந்தது. அப்போ 60க்குக் கீழ சப்வூஃபர், மேல ஸ்பீக்கர்னு நினைச்சு, ரிசீவர்ல க்ராஸ்ஓவரை 60ல வெச்சேன். பொடி எழுத்தை அப்புறம்தான் படிச்சேன்: 60ல அது மைனஸ் 10 டெசிபெல். அதாவது, பவர் பத்துல ஒரு பங்குதான்.

எந்த ஸ்பீக்கரும் ஒரு இடத்துல டக்குனு நிக்காது. கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். அதுதான் ரோல்-ஆஃப். மூடின பெட்டின்னா ஒரு ஆக்டேவுக்கு, அதாவது ஒரு ஸ்தாயிக்கு, சுமார் 12 டெசிபெல் இறங்கும். காத்து போக துளை வெச்ச பெட்டின்னா சுமார் 24.

க்ராஸ்ஓவரும் சுவர் இல்ல, சரிவுதான். ஆபீஸ்ல ஷிஃப்ட் மாறுற மாதிரி. என் வீட்ல ஸ்பீக்கர் சீக்கிரமே கிளம்பிடுச்சு, சப்வூஃபர் லேட்டா வந்துச்சு. பேஸ் கிட்டார்ல தடிச்ச கம்பி 41 ஹெர்ட்ஸ். அது சப்வூஃபர்ல நல்லாவே கேட்டுது. அங்கிருந்து மூணாவது கம்பி 73. அது நேரா பள்ளத்துல விழுந்துச்சு!

சரியான ஹேண்ட்ஓவர் எப்படி? லிங்க்விட்ஸ்-ரைலி க்ராஸ்ஓவர்னு ஒண்ணு இருக்கு. 1970கள்ல ஹியூலட்-பேக்கார்ட்ல வேலை பார்த்த ரெண்டு இன்ஜினியர்களோட பேர் அது. சந்திக்கிற இடத்துல ரெண்டு பக்கமும் 6 டெசிபெல் இறங்கியிருக்கும். ஒரே ஃபேஸ்ல இருந்தா, பாதியும் பாதியும் சேர்ந்து முழுசாயிடும். ஆனா ஸ்பீக்கர் அங்கே ஏற்கெனவே தானா இறங்கிட்டிருந்தா இந்தக் கணக்கு உடைஞ்சுடும்.

அதனால ஸ்பீக்கர் இன்னும் தெம்பா இருக்கிற இடத்துல க்ராஸ்ஓவரை வைங்க. டிஹெச்எக்ஸ் சொல்ற எண் 80. என் ஸ்பீக்கர் அங்கேயே தளர ஆரம்பிக்குது, அதனால 100 வெச்சேன். ரொம்ப மேல போனா, பேஸ் எந்த மூலையிலேருந்து வருதுன்னு காது கண்டுபிடிச்சுடும். 40லேருந்து 150 ஹெர்ட்ஸ் வரை மெதுவா ஏறுற டோன் ஒண்ணு போட்டுக் கேளுங்க. க்ராஸ்ஓவர் பக்கத்துல பள்ளம் இருந்தா, சப்வூஃபர் பின்னாடி இருக்கிற ஃபேஸ் சுவிட்ச்சை மாத்திப் பாருங்க.

அதே பாட்டை மறுபடி போட்டேன். அப்பா ஒண்ணும் சொல்லல. அடுத்த பாட்டைக் கேட்டார்.